வீட்டு மராமத்து: அப்பாவின் நோட்டும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் மாதம் படம் பார்ப்பார்கள், பாட்டுக் கேட்பார்கள், சின்னவர்கள் கேம்ஸ் விளையாடுவார்கள். யாராவது ஒருவர் எக்ஸெல் புரோகிராமைத் திறந்து, கட்டம் கட்டமாக இருப்பதைப் பார்த்து, "இது ஆபீஸ்காரர்களுக்கு" என்று மூடிவிடுவார். உங்கள் வீட்டில் கொத்தனார் வேலை தொடங்கப் போகிறது என்றால், மூடிய அந்தப் புரோகிராமை மறுபடியும் திறந்திடுங்கள். எங்கள் வீட்டு மராமத்தில் அது என்ன வேலை செய்தது என்பதை இங்கே விளக்குகிறேன்.

எங்கள் வீடு நாகமலை புதுக்கோட்டையில் இருக்கிறது. மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையில், காமராசர் பல்கலைக்கழகத்துக்குச் சற்று முன்னால் வரும் ஊர். பாம்பு படுத்தது போல நீண்டு கிடக்கும் நாகமலை எங்கள் மொட்டை மாடியிலிருந்து தெரியும். 1988ல் அப்பா கட்டிய வீடு. பின்னறையின் மேல்தளத்தில் கான்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. வயரிங் அந்தக் காலத்தது. குளியலறை வீட்டுக்கு வெளியே, கொல்லைப்புறத்தில், இரண்டு படி இறங்கிப் போக வேண்டும். அப்பத்தாவுக்கு வயது 82. இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு படியே ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலை முடியும் வரை அவர் திருமங்கலத்தில் அத்தை வீட்டில் இருப்பது என்று முடிவாயிற்று.

அப்பா ஓய்வு பெற்ற ஆசிரியர். ஓய்வுப் பணத்தில் 8 லட்சம் ரூபாயை இதற்கென ஒதுக்கினார். அதற்கு மேல் எடுப்பதில்லை என்பதில் உறுதியாக இருந்தார். நான் சென்னையில் ஒரு சாப்ட்வேர் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் ஊருக்கு வர முடியும். ஆடி கழிந்து, 2025 ஆகஸ்ட் 21 வியாழக்கிழமை வேலை தொடங்கியது.

நோட்டில் இல்லாத தகவல்

அப்பாவிடம் ஏற்கெனவே ஒரு செலவு நோட்டு இருந்தது. "மேஸ்திரிக்கு 10,000", "சிமெண்ட் 6,400", "டீ, வடை 180" என்று ஒரு நாள் விடாமல் எழுதுவார். ஆனால் எத்தனை மூட்டை, எந்த வேலைக்கு, அந்த வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்பது அதில் இருக்காது. பணம் போனது தெரியும். எங்கே போனது என்பது தெரியாது.

எனவே கூகுள் ஷீட்ஸில் ஒரு பைல் உருவாக்கினேன். எக்ஸெல் இருப்பவர்கள் அதிலேயே செய்யலாம். இலவசமாக வேண்டுவோர் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமை இறக்கி இன்ஸ்டால் செய்து கொள்ளலாம். நான் கூகுளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அப்பா நாகமலையிலும் நான் சென்னையிலும் ஒரே பைலைத் திறந்து வைத்திருக்க முடியும். மேலே வலது மூலையில் உள்ள ஷேர் பட்டனை அழுத்தி, அடுத்தவரின் ஈமெயில் முகவரியைத் தட்டவும். எடிட்டர் என்று தேர்ந்தெடுத்தால் அவரும் எழுதலாம். வியூவர் என்றால் பார்க்க மட்டும்தான் முடியும். அத்தைக்கு வியூவர் உரிமை கொடுத்தோம். வீட்டில் அவருக்கும் பாத்தியதை உண்டு அல்லவா!

முதல் தாளின் பெயர் "செலவு". அதன் தலைப்புகள்: தேதி, வேலை, பொருள், அளவு, அலகு, விலை, தொகை, பில் உண்டா. தலைப்பு வரிசை மேலே நகர்ந்து மறையாமல் இருக்க, வியூ மெனுவில் ப்ரீஸ் பிரிவு சென்று ஒரு வரிசை என்பதில் கிளிக் செய்திடவும். "வேலை" நெட்டு வரிசையில் மட்டும் கையால் தட்ட விடாதீர்கள். ஒரு நாள் "பூச்சு" என்றும் மறுநாள் "பூச்சு வேலை" என்றும் தட்டினால் கம்ப்யூட்டருக்கு அவை இரண்டு வேறு வேலைகள். இன்சர்ட் மெனுவில் டிராப்டவுன் என்பதைத் தேர்ந்தெடுத்து வேலைகளின் பட்டியலைக் கொடுத்துவிட்டால், அதிலிருந்து ஒன்றைப் பொறுக்கினால் போதும். பிறகு சம் இஃப் என்ற பார்முலா ஒவ்வொரு வேலைக்கும் ஆன செலவைத் தனித்தனியே கூட்டித் தரும்.

தமிழில் தட்ட, விண்டோஸ் செட்டிங்ஸில் மொழிகள் பகுதிக்குச் சென்று தமிழைச் சேர்க்கவும். விண்டோஸ் கீயையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும்.

இந்த ஸ்ப்ரெட்ஷீட் என்பதே வரவு செலவுக் காகிதத்திலிருந்து பிறந்ததுதான். 1979ல் டேன் பிரிக்ளினும் பாப் பிராங்க்ஸ்டனும் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக உருவாக்கிய விசிகால்க் அந்த வகையில் முன்னோடி. அந்த ஒரு புரோகிராமுக்காகவே கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அன்று உண்டு.

கம்பி எடைக்கு ஒரு பார்முலா

அப்பாவுக்கு இந்தத் தாளின் மேல் நம்பிக்கை வந்தது கம்பி பில்லில்தான். பின்னறைத் தளத்தை இடித்துவிட்டுப் புதிதாக கான்கிரீட் போடவும், புதுக் குளியலறையின் தளத்துக்கும் சேர்த்து, 10 மி.மீ. கம்பி 20, 8 மி.மீ. கம்பி 30 வந்து இறங்கின. ஒவ்வொன்றும் 12 மீட்டர் நீளம். பில்லில் மொத்த எடை 312 கிலோ.

கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். இதில் மாயம் ஒன்றும் இல்லை. இரும்பின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 7,850 கிலோ. வட்டத்தின் பரப்பளவுச் சூத்திரத்தோடு இதைச் சேர்த்துச் சுருக்கினால் 162 வந்து நிற்கும். ஷீட்டில் ஏ2 செல்லில் விட்டம், பி2 செல்லில் கம்பிகளின் எண்ணிக்கை கொடுத்து, சி2 செல்லில் =ஏ2*ஏ2/162*12*பி2 என்று அமைத்து என்டர் தட்டவும் (செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்). எங்களுக்கு 10 மி.மீ. கம்பி 148.1 கிலோ, 8 மி.மீ. கம்பி 142.2 கிலோ, ஆக மொத்தம் 290 கிலோவும் கொஞ்சமும் வந்தது.

கம்பி எடை துல்லியமாக இந்த அளவில்தான் இருக்கும் என்பதில்லை. ஐ.எஸ். 1786 என்ற இந்தியத் தர நிர்ணயம் 10 மி.மீ. வரையுள்ள கம்பிகளுக்கு 7 சதவீதம் கூடவோ குறையவோ இருக்க அனுமதிக்கிறது. 312 கிலோ அதையும் தாண்டியது. அப்பா தாளைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். சண்டை ஒன்றும் இல்லை. மறுபடியும் எடை போட்டார்கள், 293 கிலோ. பில்லைத் திருத்திக் கொடுத்தார்கள். மிச்சமானது 19 கிலோ, அதாவது சுமார் 1,200 ரூபாய். 8 லட்சத்தில் இது பெரிய தொகை இல்லைதான். ஆனால் அன்று இரவு போன் செய்து, "தம்பி, ஜல்லிக்கும் இப்படி ஒண்ணு போட்டுக் குடுப்பா" என்றார்.

ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் கணக்கு இன்னும் எளிது. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. லாரியின் உள் நீளம், அகலம், சரக்கு நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி 100ஆல் வகுத்தால் யூனிட் வந்துவிடும். லாரி வந்ததும், கொட்டுவதற்கு முன் டேப்பைப் பிடியுங்கள். கொட்டிய பிறகு குவியலை அளப்பது வீண் வேலை.

சிமெண்ட் வாங்க எது நல்ல நாள்?

2025 செப்டம்பர் 3 அன்று ஜி.எஸ்.டி. கவுன்சில் சிமெண்ட் மீதான வரியை 28லிருந்து 18 சதவீதமாகக் குறைக்க முடிவு செய்தது. செப்டம்பர் 22 முதல் அமல். வரிக்கு முன் 250 ரூபாய் உள்ள மூட்டை, 28 சதவீதத்தில் 320 ரூபாய். 18 சதவீதத்தில் 295. அந்த வாரம் மேஸ்திரி 60 மூட்டையை ஒன்றாக இறக்கச் சொல்லியிருந்தார். ஷீட்டில் பார்த்தால் 22ஆம் தேதிக்கு முன் கான்கிரீட்டுக்கும் கட்டு வேலைக்குமாக 34 மூட்டை போதும். மீதி பூச்சு வேலைக்கு. அது மாதக் கடைசியில்தான். காத்திருந்தோம். எப்படியும் மழைக்காலத்துக்கு முன் சிமெண்ட்டைக் குவித்து வைப்பது நல்லதல்ல. ஈரக் காற்றில் கட்டி தட்டும், நாளாக நாளாக வலுவும் குறையும்.

உத்தேசக் கணக்குக்கு இதை வைத்துக் கொள்ளுங்கள். 50 கிலோ மூட்டை ஒன்று சுமார் ஒன்றேகால் கன அடி. அரை அங்குலப் பூச்சுக்கு, ஒன்றுக்கு ஐந்து கலவையில், 100 சதுர அடிக்கு முக்கால் மூட்டை ஆகும். பழைய சுவர் மேடும் பள்ளமுமாக இருந்தால் ஒரு மூட்டை வைத்துக் கொள்ளலாம்.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்

இந்தப் பகுதியைப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அவசியம் படிக்கவும். எங்கள் ஹாலில் இருந்த கம்ப்யூட்டரின் கேபினெட்டை வெறுங்காலோடு நின்று தொட்டால் விரலில் சுருசுருவென்று இருக்கும். "எல்லா கம்ப்யூட்டரும் அப்படித்தான்" என்று பலர் சொல்வார்கள். அப்படி இருக்கக் கூடாது.

கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். பவர் சப்ளைக்குள், மின் இரைச்சலை வடிகட்டுவதற்காகச் சின்னச் சின்னக் கபாசிட்டர்கள் உண்டு. இவை மிகச் சிறிய அளவு மின்சாரத்தைக் கேபினெட்டுக்குக் கசிய விடும். அது எர்த் வயர் வழியாக மண்ணுக்குப் போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. எர்த் இல்லாவிட்டால் கேபினெட்டில் ஏறத்தாழ பாதி வோல்டேஜ் வந்து நிற்கும். நீங்கள் தொட்டால் உங்கள் வழியே இறங்கும். கசிவு மிகச் சிறியது என்பதால் சுருக்கென்பதோடு போகிறது. ஆனால் அதே பிளக் பாயிண்டில் பழுதான வாட்டர் ஹீட்டரையோ அயர்ன் பாக்ஸையோ செருகினால் உயிருக்கே ஆபத்து.

எலக்ட்ரீஷியன் பழைய பாயிண்டுகளைத் திறந்தபோது, மூன்று ஓட்டைகளில் மேலே உள்ள பெரிய ஓட்டைக்கு எந்த அறையிலும் வயரே போகவில்லை. ஓட்டை இருந்தது, எர்த் இல்லை. (இதை நீங்களே திறந்து பார்க்க முயல வேண்டாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மூன்று முனைகளுக்கும் இடையே உள்ள வோல்டேஜை அளக்கச் சொல்லுங்கள்.) புதிதாக எர்த் குழி தோண்ட ஆரம்பித்தால், மலையடிவாரம் அல்லவா, வீட்டின் முன்பக்கம் நாலு அடியில் பாறை. பாறையும் காய்ந்த மண்ணும் மின்சாரத்தை எளிதில் வாங்காது. கொல்லையில், எப்போதும் தண்ணீர் பாயும் தென்னைக்குப் பக்கத்தில் குழியை மாற்றினோம். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் வைத்தாயிற்று. மின்கசிவு அந்த அளவை எட்டினால் கண நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். புதுக் குளியலறையில் ஹீட்டர் வரப்போகிறது என்பதால், இதில் பேரம் பேச வேண்டாம் என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

சுவரை உடைத்தபோதே இன்டர்நெட்டுக்கான கேட் 6 கேபிளுக்கும் ஒரு பைப் பதித்தோம். கரண்ட் வயர் போகும் பைப்பில் இதைச் சேர்க்கக் கூடாது.

பூச்சுக்கு முன் போட்டோ

பைப்பும் வயரும் பதித்த பிறகு, பூசுவதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்திடுங்கள். தரையிலிருந்து நிமிர்ந்து நிற்கும்படி டேப்பைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு எடுத்தால்தான் பின்னால் பயன்படும். பைலின் பெயரை 2025-09-14 பின்னறை வடக்குச் சுவர் என்பதுபோல, ஆண்டு முதலில், மாதம் அடுத்து, நாள் கடைசியில் வரும்படி வைக்கவும். அப்போதுதான் போல்டரில் தேதி வாரியாக வரிசையாக நிற்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும். டாகுமெண்ட் ஆக அனுப்புங்கள். ஒரு பிரதியைப் பென் டிரைவிலும் வையுங்கள்.

நவம்பரில் குளியலறையில் அப்பத்தா பிடித்துக்கொள்ளக் கைப்பிடிக் கம்பி பொருத்த டிரில் போட வேண்டியிருந்தது. தேர்ந்தெடுத்த இடத்துக்குப் பின்னால் தண்ணீர் பைப் ஓடுகிறது என்பதைப் போட்டோதான் காட்டியது. ஆறு அங்குலம் தள்ளிப் போட்டார்கள்.

அந்தக் குளியலறையை முதலில் கம்ப்யூட்டரில்தான் கட்டினோம். ஸ்வீட் ஹோம் 3டி என்ற இலவச மென்பொருளில் சுவர்களை மவுசால் வரைந்து, கதவு, வாஷ் பேசின், டாய்லெட் எல்லாவற்றையும் இழுத்து வைக்கலாம். பிரிபரன்ஸஸ் பகுதியில் அளவை அடி, அங்குலத்துக்கு மாற்றிக் கொள்ளவும். மேஸ்திரி வழக்கம்போல இரண்டரை அடிக் கதவு, உள்பக்கமாகத் திறப்பது என்று வைத்திருந்தார். வீல் சேருக்கு 900 மி.மீ., அதாவது மூன்று அடி வழி வேண்டும்; உள்ளே அது திரும்ப ஐந்தடி விட்டமுள்ள வட்டம் வேண்டும். 6க்கு 8 அடி அறையில் கதவு உள்ளே திறந்தால் அந்த வட்டம் கதவில் இடிப்பது திரையில் பளிச்சென்று தெரிந்தது. இன்னொன்றும் உண்டு. வயதானவர் உள்ளே கதவோரம் விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை வெளியிலிருந்து தள்ள முடியாது. படத்தைப் பார்த்ததும் மேஸ்திரி மறுபேச்சு பேசாமல் கதவை வெளிப்பக்கம் மாற்றினார்.

அக்டோபர் 12: பணம் எத்தனை நாள் வரும்?

இரண்டாவது தாளின் பெயர் "வேலை". ஆறு வேலைகளுக்கும் தொடக்க மதிப்பீடு: பின்னறைத் தளம் 1,70,000, வயரிங் மற்றும் எர்த் 1,10,000, குளியலறை 1,60,000, மொட்டைமாடித் தட்டோடு 90,000, பூச்சும் பெயின்டும் 1,10,000, போர்டிகோவும் முகப்பும் 1,60,000. ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை சதவீதம் முடிந்தது என்று சனிக்கிழமைதோறும் அப்பா தட்டுவார். மதிப்பீட்டைச் சதவீதத்தால் பெருக்கிக் கூட்டினால், முடிந்த வேலையின் மதிப்பு கிடைக்கும். பெரிய புராஜெக்டுகளில் இதை எர்ன்டு வேல்யூ என்பார்கள். அமெரிக்க ராணுவத் துறை 1967ல் தன் ஒப்பந்தங்களுக்கு விதியாக வகுத்த முறை இது. ஒரு வீட்டுக்கும் பொருந்தும்.

அக்டோபர் 12 ஞாயிறன்று ஊரில் இருந்தேன். தளம் முடிந்துவிட்டது, வயரிங் 80 சதவீதம், குளியலறை 25, பூச்சு 30, போர்டிகோ 40. முடிந்த வேலையின் மதிப்பு 3,95,000. செலவு தாளிலோ 5,10,000. இதே வேகத்தில் போனால் மொத்தம் 10 லட்சத்து 33 ஆயிரம் ஆகும்.

அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு பயப்படுவதும் சரியல்ல. மதிப்பீட்டில் இல்லாத ஒன்று நடந்திருந்தது. பின்னறையை இடிக்கும்போது ஹால் மேல்தளத்தைத் தட்டிப் பார்த்ததில் அங்கும் சத்தம் பொள்ளலாகக் கேட்டது. செதுக்கி, துருவைத் தேய்த்து, பூச்சு அடித்துச் சரிசெய்ய 75,000 ஆனது. அது ஒரு முறைச் செலவு. அதைக் கழித்துவிட்டுக் கணக்கிட்டால், மற்ற வேலைகள் மதிப்பீட்டைவிடப் பத்து சதவீதம் கூடுதலாகப் போகின்றன. மொத்தம் 9 லட்சத்து 56 ஆயிரம். அப்படியும் கையில் இருப்பதைவிட ஒன்றரை லட்சத்துக்கு மேல் அதிகம்.

இதைவிட முக்கியமாக வேறொன்றை அந்தத் தாள் காட்டியது. குளியலறை 25 சதவீதத்திலேயே நிற்க, முகப்பு வேலை ஓடிக்கொண்டிருந்தது. டைல்ஸ்காரர் வரும்வரை ஆட்கள் சும்மா இருக்கக் கூடாதே என்று மேஸ்திரி அவர்களை முன்பக்கம் விட்டிருந்தார். அவர் பக்கத்தில் அது நியாயம்தான். ஆனால் அந்த வரிசையில் போனால் பணம் தீரும் இடம் குளியலறையாக இருக்கும். அப்பத்தாவைக் கூட்டி வர முடியாது.

அப்பாவுக்கு முகப்பின் மேல் ரொம்ப ஆசை. 37 வருடத்துக்குப் பிறகு வீடு புதிதாகத் தெரிய வேண்டும் என்று எண்ணியிருந்தார். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "முகப்பை ரோட்டுல போறவன்தானப்பா பாக்கப் போறான்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் மேஸ்திரியிடம் முன்பக்க வேலையை நிறுத்தச் சொன்னார். வெளிப்புற பெயின்டும் தள்ளிப் போடப்பட்டது. இரண்டும் போக மொத்தம் 8 லட்சத்து 10 ஆயிரத்தை ஒட்டி வரும் என்று ஷீட் காட்டியது.

தீபாவளிக்கு ஆட்கள் ஒரு வாரம் வரவில்லை. பிறகு மழை. குளியலறை டைல்ஸ் நவம்பர் கடைசியில் முடிந்தது. டிசம்பர் முதல் வாரம் அப்பத்தா வந்தார். ஹாலில் அப்போது பெயின்ட் வாசனைகூட இல்லை, பட்டி மட்டும் பார்த்திருந்தது. நேரே குளியலறைக்குப் போய், கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "டைல்ஸு வழுக்காதுல்ல?" என்று கேட்டார். வழுக்காத சொரசொரப்பு டைல்ஸ்தான் போட்டிருந்தோம். விலை சதுர அடிக்கு ஆறு ரூபாய் அதிகம்.

மொட்டைமாடியில் தட்டோடு பதிக்கும் வேலை, வெயில் வந்த பிறகு, 2026 ஜனவரி இறுதியில் முடிந்தது. இன்றைய தேதியில் செலவு தாளின் அடியில் உள்ள தொகை 8,14,350. மேலதிகமான 14 ஆயிரத்தில், இடித்தெடுத்த பழைய கம்பியையும் இரும்புக் கதவையும் விற்ற காசு 9,200 ஈடுகட்டியது. முன்பக்கம் போர்டிகோவின் இரண்டு தூண்கள் மட்டும் நிற்கின்றன. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் துருப்பிடிக்காமல் இருக்கச் சிமெண்ட் பால் அடித்து வைத்திருக்கிறோம். கான்கிரீட்டுக்குப் பதில் சீட் போட்டால் என்ன செலவாகும் என்று பார்க்க, போன வாரம் அப்பா தானாகவே அந்த பைலில் மூன்றாவதாக ஒரு தாள் சேர்த்திருக்கிறார்.